ஏற்காடு ஏரியிலிருந்து கிளியூர் அருவி வரை ஓடைக்குள்ளயே நடக்கலாமா?

அம்மாபேட்டை | 04-10-2025, இரவு 9.12

லீவு நாள்ல ஏற்காடு ஏரிக்கரையில காலை வைக்க இடமில்ல. படகுக்கு வரிசை, பஜ்ஜிக்கு வரிசை, வண்டி நிறுத்தவும் வரிசை. அந்த ஏரியோட உபரிநீர்தான் கிளியூர் அருவியா விழுது. நடுவுல மூணு கிலோமீட்டர்கூட இருக்காது. ஏரிக்குக் கீழ ஓடைக்குள்ள இறங்கி அப்படியே நடந்தா கூட்டமே இல்லாம நேரா அருவித் தலைக்குப் போயிடலாம்னு ஒரு வீடியோல சொல்றாங்க. நாங்க நாலு பேர், தீபாவளிக்கு முன்னாடி போறதா இருக்கோம். எங்க இறங்கணும், எவ்வளவு நேரம் ஆகும், என்ன எடுத்துட்டுப் போகணும்?

ஒண்டிக்கடை | 04-10-2025, இரவு 10.05

ஓடைக்குள்ள இறங்காதீங்க தம்பி. ரெண்டு காரணம்.

ஒண்ணு, அந்த ஓடை ஊருக்கும் காப்பித் தோட்டங்களுக்கும் நடுவுல போகுது. பட்டா நிலம், வேலி உண்டு. பாதின்னு ஒரு பாதையே கிடையாது, வேலி தாண்டித் தாண்டித்தான் போகணும்.

ரெண்டாவது, நீங்க ஆசைப்படற அந்த "அருவித் தலை". 300 அடி உயரத்துல இருந்து தண்ணி விழற விளிம்பு அது. தடுப்புச் சுவர் கிடையாது. ஓடைக்குள்ள நடக்கறவனுக்கு விளிம்பு எங்கன்னு கண்ணுக்குத் தெரியாது. முன்னாடி வானம் மட்டும் தெரியும், பாறை கொஞ்சம் கொஞ்சமா சரிஞ்சுக்கிட்டே போகும். "இன்னும் பத்தடி போய் எட்டிப் பார்ப்போம்"னு போற இடம்தான் பாசி பிடிச்ச இடமும்.

தார் ரோட்டுலயே நடந்து போய், கைப்பிடிக் கம்பி போட்ட படிக்கட்டு வழியா கீழ இறங்கி அருவியை அடியில இருந்து பாருங்க. அந்த ரோடும் மரநிழல்தான். நாள், நேரம் சரியாப் பார்த்துப் போனா அங்கயும் ஆள் இருக்காது.

கோரிமேடு | 04-10-2025, இரவு 10.31

"பாதின்னு ஒரு பாதையே" இல்லைன்னா பாதியா முழுசா அண்ணே? 😀

விளிம்பு பத்தி சொன்னது நூத்துக்கு நூறு.

ஒண்டிக்கடை | 04-10-2025, இரவு 10.33

பாதைன்னு. கைபேசி தட்டச்சு. முழுசும் இல்ல, போதுமா.

ஒண்டிக்கடை | 05-10-2025, காலை 6.50

நேத்து ஒண்ணு விட்டுப் போச்சு, இதுதான் முக்கியம். படிக்கட்டு வழியாப் போனாலும் சரி, மொதல்ல ஏரியைப் பாருங்க. கோடி போகுதான்னு, அதாவது ஏரி நிறைஞ்சு உபரிநீர் வழியுதான்னு, பார்த்துட்டுத்தான் கீழ இறங்கணும்.

கோடி போகலைன்னா அருவி வெறும் ஈரப்பாறைதான். பிப்ரவரியில இருந்து மே வரைக்கும் வர்ற பாதிப் பேர் இதைப் பார்த்துட்டு "அருவியே இல்லை"ன்னு திட்டிட்டுப் போறாங்க.

மழைக்காலத்துல கணக்கே வேற. ஏரி இறங்கிக் கிடக்கறப்ப மழை நல்லா அடிச்சாலும் அருவியில உடனே தண்ணி வராது. வர்ற தண்ணியை எல்லாம் ஏரியே குடிச்சிடும். தொடர்ந்து மழை பேஞ்ச பிறகு ஏரி விளிம்பு வரைக்கும் நிறைஞ்சு நிக்கும். அப்ப ஊருக்குள்ள அரை மணி நேரம் மழை அடிச்சாலே போதும், அந்தத் தண்ணி அப்படியே கீழ போயிடும். அதே அளவு மழைதான். ஏரி இறங்கி இருந்தா ஒண்ணும் ஆகாது, நிறைஞ்சிருந்தா அருவி அடியில நிக்கிறவனை இழுத்துட்டுப் போயிடும்.

அதனால கேக்க வேண்டிய கேள்வி "இன்னைக்கு மழை வருமா"ங்கறது மட்டும் இல்ல. "ஏரியில இன்னும் எவ்வளவு இடம் இருக்கு"ங்கறதும்தான்.

காப்பிக்காடு | 05-10-2025, காலை 8.20

மேலே ஒண்டிக்கடை சொல்வது பெரும்பாலும் சரி. ஒரு திருத்தம். ஏரி நிறையாமல் இருக்கும்போதும் அருவியில் தண்ணீர் வருவதுண்டு. ஏரிக்கும் அருவிக்கும் நடுவில் இருக்கும் சரிவுகளின் தண்ணீரும் அதே ஓடையில்தான் சேர்கிறது. அங்கே மட்டும் பலமாகப் பெய்தால் ஏரியைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

மலைக்கு மேலே செம்மண்ணும் பாக்சைட்டும் கலந்த மூடி இருக்கிறது. அதற்குக் கீழே சார்னகைட் என்னும் கெட்டிப் பாறை. மேல் மண் தண்ணீரை உறிஞ்சி மெல்ல விடும். மழை நின்று சில நாட்கள் கழித்தும் ஓடையில் தெளிந்த தண்ணீர் ஓடுவது அதனால்தான். மண் நிறைந்துவிட்டாலோ அடியில் இருக்கும் பாறை ஒரு சொட்டுக்கூட வாங்காது. எல்லாம் ஓடைக்கே வந்துவிடும்.

நான் பார்க்கச் சொல்வது தண்ணீரின் நிறத்தை. தெளிவாக இருந்து கலங்க ஆரம்பித்தால், காய்ந்த இலையும் சுள்ளியும் மிதந்து வர ஆரம்பித்தால், சத்தம் கனத்தால், அந்த நிமிடமே மேலே ஏற வேண்டும். துணி மாற்றவோ செருப்பைத் தேடவோ நேரமில்லை. நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கிறது என்பதற்கு அர்த்தமே கிடையாது.

ஒண்டிக்கடை | 05-10-2025, காலை 8.41

நடுச்சரிவுத் தண்ணியை நான் சேர்க்கல, நீங்க சொல்றது சரிங்க. அப்போ ரெண்டையும் பார்க்கணும். கிளம்பும்போது ஏரியை, கீழ போனதும் தண்ணி நிறத்தை.

சூரமங்கலம் | 05-10-2025, மதியம் 1.15

எல்லாம் சரி, "நாள், நேரம் சரியாப் பார்த்து"ன்னா எப்பன்னு யாருமே சொல்லலையே. விடியக்காலை போனா கூட்டம் இருக்காதுன்னு சொல்லிடாதீங்க. விடியக்காலை அங்க இருக்கறது காட்டெருமைக் கூட்டம்.

ஒண்டிக்கடை | 05-10-2025, மதியம் 2.02

அக்கா சொல்றது சரி. காட்டெருமை தோட்டத்துக்குள்ளயும் ஓடை ஓரத்துலயும் நடமாடறது விடியலுக்கு முன்னயும் பின்னயும், அப்புறம் சாயங்காலம் இருட்டற நேரத்துல. வெளியூர்க்காரங்க வண்டி கீழ இருந்து ஏறி வந்து டிபன் சாப்பிட்டு அருவிப் பக்கம் திரும்பறதுக்குப் பத்து மணி ஆயிடும். ஏழரைக்கு நடக்க ஆரம்பிச்சு பத்து மணிக்குள்ள திரும்பி மேல வந்துடுங்க. நாள்னு கேட்டா செவ்வாய், புதன், வியாழன். பள்ளிக்கூட லீவு, மே மாசக் கோடை விழா, மலர்க் கண்காட்சி நாளெல்லாம் மறந்துடுங்க.

சேலம் புதிய பேருந்து நிலையத்துல இருந்து வர்றவங்க முதல் வண்டிகள்ல ஏதாவது ஒண்ணைப் பிடிக்கணும். அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம், அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவு. ஏழரைக்கு நடக்கணும்னா மொத நாளே வந்து தங்கறது உத்தமம். வளைவுல வாந்தி எடுக்கறவங்க வயித்துல ஒண்ணும் இல்லாமலும் வரக்கூடாது, ரொம்ப நிறையவும் வரக்கூடாது. ரெண்டு இட்லி.

காப்பிக்காடு | 05-10-2025, மாலை 5.30

காட்டெருமை பற்றி. கூட்டமாக நிற்பதைவிடத் தனியாக நிற்கும் காளைதான் ஆபத்து. உண்ணிச்செடிப் புதர் அடர்ந்த வளைவுகளில் அது நிற்பது பத்தடிக்கு வந்த பிறகுதான் தெரியும். ஆகவே வளைவுகளில் பேசிக்கொண்டே நடக்க வேண்டும். பாட்டுப்பெட்டி வேண்டாம், மனிதப் பேச்சு போதும். ஐம்பது மீட்டர் தூரத்தில் கண்டால் அங்கேயே நின்று, அது போக வழிவிட்டுக் காத்திருங்கள். தலையைத் தாழ்த்தி மூச்சைச் சீறினால் முகத்தை அதன் பக்கமே வைத்துக்கொண்டு பின்னால் நகருங்கள். தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் எந்தக் காரணத்துக்காகவும் போகக்கூடாது. கைபேசியில் படம் எடுக்கக் கிட்டப் போனவர்கள்தான் பெரும்பாலும் முட்டு வாங்குகிறார்கள்.

அதே புதரில் உண்ணியும் இருக்கும். முழுக்கால்சட்டையைக் காலுறைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்புப் பட்டை, காதுக்குப் பின்னால் பாருங்கள். கடித்திருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். தீக்குச்சி வைப்பது, மண்ணெண்ணெய் ஊற்றுவது எல்லாம் வேண்டாம். அது கடித்தபடியே உள்ளே கக்கும்.

அம்மாபேட்டை | 05-10-2025, இரவு 9.50

சரிங்கண்ணே, ஓடைக்குள்ள இறங்கற யோசனையை விட்டாச்சு. படிக்கட்டு வழிதான். என்ன செருப்பு போடறது? தண்ணியில நடக்கறதுக்கு ரப்பர் செருப்பு நல்லதுன்னு ஒருத்தன் சொல்றான்.

கோரிமேடு | 05-10-2025, இரவு 10.40

அந்த ஒருத்தனை மொதல்ல முன்னாடி நடக்க விடுங்க, எல்லாருக்கும் தெரிஞ்சிடும்.

ரப்பர் செருப்பு வேண்டாம். ஈரத்துல குதிகால் நழுவும், தண்ணியில கழண்டு போகும், அதைப் பிடிக்கக் குனியும்போதுதான் ஆள் விழுவான். அடி தேயாத, பள்ளம் ஆழமா இருக்கற ஷூ. நனைஞ்சா நனையட்டும். படிக்கட்டுல சில்வர் ஓக் இலை ஈரமாக் கிடக்கும், அது மேல கால் வெச்சா சோப்புதான். கால் பக்கவாட்டுல வெச்சு இறங்குங்க, ஒரு கை கம்பியிலயே இருக்கணும்.

கீழ பாறை மேல போறதுன்னா, பாறையோட நிறத்தைப் பாருங்க. காஞ்ச சாம்பல் நிறம் பிடிக்கும். ஈரமான கறுப்பு வழுக்கும். பச்சையாப் பளபளன்னு தெரிஞ்சா அது மேல காலே வைக்காதீங்க. ரொம்ப மோசம் எதுன்னா, ஈரமும் வெயிலும் மாறி மாறிப் படற கறுப்புப் பாறை. பார்க்கக் காஞ்ச மாதிரியே இருக்கும், மேல மெல்லிசா ஒரு பாசி ஏடு படிஞ்சிருக்கும். விரலால தேய்ச்சுப் பாருங்க, வழவழன்னு வந்தா தெரிஞ்சிடும். அவசரத்துக்கு ஒரு வழி இருக்கு. பழைய முரட்டுப் பருத்திக் காலுறையை ஷூவுக்கு மேல மாட்டிக்கங்க. பார்க்க கோமாளி மாதிரி இருந்தாலும் பாசியில பிடி கிடைக்கும். ஆளுக்கு ஒரு ஜோடி பையில போட்டுக்கங்க.

கோரிமேடு | 05-10-2025, இரவு 10.58

தண்ணி தாண்டறதைச் சொல்லாம விட்டேன். ஓடற தண்ணி முழங்காலுக்கு மேல இருந்தா தாண்டக் கூடாது, அவ்வளவுதான். முழங்காலுக்குக் கீழ இருந்தா:

தண்ணி வர்ற திசையைப் பார்த்து நில்லுங்க, குறுக்குவாட்டுல நண்டு நடை. கம்பு ஒண்ணை முன்னாடி ஊன்றி மூணு கால் ஆக்கிக்கங்க. ஒரு நேரத்துல மூணுல ஒண்ணுதான் நகரணும். முதுகுப்பையோட இடுப்புப் பட்டையைக் கழட்டி விட்டுடுங்க, விழுந்தா பையை உதறிட்டு எழணும். ஷூவைக் கழட்டி வெறுங்காலோட போகாதீங்க.

விழுந்துட்டா உடனே எழுந்து நிக்கப் பார்க்காதீங்க. பாறை இடுக்குல பாதம் மாட்டிக்கும், பின்னாடி வர்ற தண்ணி முதுகைத் தள்ளி முகத்தைத் தண்ணிக்குள்ள அமுக்கும். இடுப்பளவுத் தண்ணியில நீச்சல் தெரிஞ்சவன் சாகறது இப்படித்தான். மல்லாக்கப் படுத்து, காலைத் தண்ணி போற பக்கம் நீட்டி, கையால கரைப்பக்கம் துழாவுங்க. தண்ணி தணிஞ்ச இடத்துல எழுந்தாப் போதும்.

அருவி அடித் தேக்கத்துல மேல இருந்து குதிக்கறது பத்திக் கேக்கறதா இருந்தா இப்பவே பதில்: இல்ல. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் உள்ள கிடக்கற பாறை இடம் மாறும். போன வருசம் ஆழமா இருந்தது இந்த வருசம் இடுப்பளவு.

சூரமங்கலம் | 06-10-2025, காலை 7.25

கம்பு எங்க கிடைக்கும்னு அடுத்து கேப்பாங்க. தோட்டத்துல ஒடிக்காதீங்க. வீட்டுல ஒட்டடைக் கம்பு இருக்குமே.

காப்பிக்காடு | 06-10-2025, காலை 9.10

ஓடைத் தண்ணீரைக் குடிக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே குடித்துவிடுகிறார்கள், அதனால் சொல்கிறேன். குடிக்காதீர்கள். மேலே ஊர் இருக்கிறது. ஊர்த் தண்ணீர் எல்லாம் வருகிறது. அது போகத் தோட்டங்கள். காப்பி இலையில் துரு நோய்க்குப் போர்டோ கலவை அடிக்கிறோம். மயில்துத்தமும் (செம்பு சல்பேட்) சுண்ணாம்பும் சேர்ந்தது, பருவமழைக்கு முன்னும் பின்னும் அடிப்பது. மழை பெய்தால் ஒரு பகுதி கழுவிக்கொண்டு ஓடைக்குத்தான் வரும். காய்ச்சினாலும் குளோரின் மாத்திரை போட்டாலும் கிருமி சாகும், செம்புச் சத்து போகாது.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காப்பிப் பழம் பறித்துத் தோல் நீக்கும் காலம். பழம் கழுவிய தண்ணீரைக் குழியில் தேக்காமல் திறந்துவிடும் இடங்களுக்குக் கீழே ஓடை பழுப்பாக, லேசான நுரையுடன், பழைய கள் போலப் புளித்த வாடை அடிக்கும். அந்தக் காலத்தில் பழுப்பு நிறம் எல்லாம் வெள்ளமாகாது. முகர்ந்து பார்த்தால் தெரியும். வெள்ளத் தண்ணீரில் மண் வாடைதான் இருக்கும்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கீழிருந்தே எடுத்துப் போங்கள். உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு. குளிராக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். படி ஏறும்போது சட்டை பிழியும்படி வியர்க்கும்.

ஒண்டிக்கடை | 06-10-2025, காலை 9.34

ஏறும்போதுன்னதும் ஞாபகம் வருது. இங்க மலை ஏறிட்டு இறங்கற கதை இல்ல. மொதல்ல இறக்கம், களைச்ச பிறகு ஏற்றம். இறங்க இருபது நிமிசம் ஆச்சுன்னா ஏற நாப்பதுன்னு வெச்சுக்கங்க. முழங்கால் வலிக்காரங்களுக்கு ஏற்றத்தை விட இறக்கம்தான் வலி கொடுக்கும், ஆனா அது மேல வந்த பிறகுதான் தெரியும். பள்ளத்தாக்குல சாயங்காலம் நாலு மணிக்கே வெயில் போயிடும், மழைக்காலத்துல மூடுபனி வேற. மதியத்துல போறவங்க மூணரைக்கு எங்க இருந்தாலும் திரும்பிடணும்.

ஆளுக்கு ஒரு நெத்தி விளக்கு. கைபேசி விளக்கை நம்பாதீங்க. பள்ளத்துக்குள்ள சிக்னல் தேடித் தேடியே பேட்டரி தீர்ந்திடும். கீழ இறங்கறதுக்கு முன்னாடி கைபேசியை விமான நிலைக்கு (ஃபிளைட் மோடு) மாத்தி வைங்க. வரைபடத்தை முன்னாடியே தரவிறக்கம் பண்ணிக்கங்க. அடி பட்டா ஒருத்தர் கூட இருக்கணும், ஒருத்தர் சிக்னல் கிடைக்கற வரைக்கும் மேல ஏறிப் போய் 108. அதுக்குத்தான் நாலு பேர்னா நாலு பேரும் ஒண்ணா இருக்கணும்னு சொல்றது.

வாடகை_பைக் | 06-10-2025, இரவு 8.03

இவ்வளவு பயமுறுத்தறீங்களே. அருவிக்குக் கீழ ஓடை காட்டுக்குள்ள போகுது, அங்க கூட்டமே இல்ல. அப்படியே அது கூடவே இறங்கினா அடிவாரம் வந்துடும். சூப்பர் ட்ரெக். வன இலாகா எல்லாம் பார்க்கறதில்ல.

கோரிமேடு | 06-10-2025, இரவு 8.20

"ஓடை கூடவே இறங்கினா ஊர் வரும்". மலையில வழி தவறினவங்க பாதிப் பேரு இதை நம்பித்தான் மாட்டறாங்க. ஓடை போறது தண்ணிக்கு வசதியான வழி, மனுசனுக்கு இல்ல. ஒரு பதினஞ்சு அடிப் பாறையில சறுக்கி இறங்கிடலாம். அடுத்தது அறுபது அடியா இருக்கும். முன்னாடி இறங்க முடியாது, பின்னாடி சறுக்கி வந்த பதினஞ்சு அடியை ஏறவும் முடியாது. கயிறு இல்லாம ஏற முடியாத எதையும் இறங்கக் கூடாது.

காப்பிக்காடு | 06-10-2025, இரவு 8.55

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி 23 பேர் இறந்த பிறகு, அதே ஆண்டு மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்தன. "பார்ப்பதில்லை" என்பது அனுமதி ஆகாது. வழி தவறினால் தேடி வருவதும் அதே வனக்காவலர்தான். அதோடு நம் ஊர் மலையாளி பழங்குடி மக்களும் (கேரளத்தவர் அல்ல). அவர்கள் வேலையை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும்.

காட்டுக்குள் நடந்தே தீர வேண்டும் என்றால் முறையான வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகள். ஏற்காட்டுப் பக்கம் குண்டூர், நாகலூர்ப் பாதைகளும் அதில் உண்டு. இணையத்தில் முன்பதிவு, உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். தீக்காலத்தில் மூடிவிடுவார்கள், 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடியிருந்தது.

சூரமங்கலம் | 07-10-2025, காலை 6.40

வழிகாட்டி வந்தா அமைதி போயிடும்னு அடுத்த ஆள் வருவார் பாருங்க. எனக்குத் தெரிஞ்சு வழிகாட்டிங்க ரொம்பப் பேசறதில்ல. நாமதான் பேசறோம்.

அம்மாபேட்டை | 07-10-2025, இரவு 10.15

அண்ணே, முடிவு பண்ணிட்டோம். புதன்கிழமை, மொத நாளே தங்கல், ஏழரை மணி, படிக்கட்டு. ஒரு சந்தேகம். அன்னைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு மழைன்னா?

ஒண்டிக்கடை | 07-10-2025, இரவு 10.48

தூறல்னா ரோட்டுல மட்டும் நடங்க, படியில இறங்க வேண்டாம். பலத்த மழைன்னா அதுவும் வேண்டாம். மழை நாள்ல அருவிக்குப் போகத் தடை போடறதும் உண்டு. போட்டிருந்தா அங்க நிக்கிற ஆள் கிட்ட வாக்குவாதம் பண்ணாதீங்க. அன்னைக்கு தேசிய ஆர்க்கிட் பூங்காவுக்குப் போங்க, 1963இல இருந்து இருக்கு, ஏரிக்கரைக் கூட்டத்துல பத்துல ஒரு பங்கு கூட அந்தப் பக்கம் வராது. சேர்வராயன் மலையிலயே வளர்ற வெர்னோனியா சேர்வராயென்சிஸ்னு ஒரு மரம் அங்க இருக்கு, பேரு வாயில நுழையாட்டியும் பார்த்துட்டு வாங்க.

மழை விடாம பேஞ்சா ஊர் திரும்பறதையும் யோசிக்கணும். 2024 டிசம்பர் தொடக்கத்துல ஃபெஞ்சல் புயலப்போ ஒரே நாள்ல இங்க 20 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, மலைப்பாதையில மண் சரிஞ்சு போக்குவரத்து நின்னுபோச்சு. அடிவாரம் பாதை அடைச்சா குப்பனூர் பாதை, அதுவும் அடைச்சா இருக்கற இடத்துலயே இருக்கறதுதான். ஒரு நாள் மாத்திரை, ஒரு மாத்துத்துணி, கொஞ்சம் ரொக்கம் கூடுதலா வெச்சுக்கங்க. கரண்டு போனா கைபேசியில பணம் அனுப்ப முடியாது.

கோரிமேடு | 08-10-2025, காலை 7.05

ஷூ நனைஞ்சு வந்தா அடுப்புப் பக்கத்துலயோ வெயில்லயோ வைக்காதீங்க, ஒட்டின அடி பெயர்ந்து வந்துடும். உள் அட்டையை உருவிட்டு, பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ள திணிச்சு நிழல்ல வைங்க. மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை தாளை மாத்துங்க.

அம்மாபேட்டை | 08-10-2025, காலை 7.30

மாத்திடறோம். ஒட்டடைக் கம்பு மட்டும் அம்மா தர மாட்டேங்குறாங்க.

சூரமங்கலம் | 08-10-2025, காலை 7.44

அப்போ தீபாவளிக்கு ஒட்டடை அடிச்சுக் குடுத்துட்டுக் கேளுங்க, தம்பி.